கேண்டன் நகரத்து 150 காசோலைகள்: கேட்கக் கூசியவர்களுக்குப் போய்ச் சேர்ந்த ஒரு கிறிஸ்துமஸ் உதவி

பண்டிகை நேரத்தில் முன்பின் தெரியாத ஒருவருக்கு உதவ வேண்டும் என்று நினைப்பவர்களுக்குப் பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. யாருக்குத் தேவை என்று தெரியாது. கையேந்தி நிற்பவரைக் கண்ணால் பார்த்துவிடலாம். நேற்றுவரை நன்றாக வாழ்ந்து, இன்று அடுப்பெரிய வழியில்லாமல், அதைப் பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் மறைத்துக்கொண்டு இருப்பவரை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்தாலும் அவர் மனம் நோகாமல் எப்படிக் கொடுப்பது?

1933 டிசம்பரில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கேண்டன் என்ற ஊரில், ஒரு துணிக்கடைக்காரர் இதற்கு ஒரு வழி கண்டார். மொத்தச் செலவு 750 டாலர். தொடங்கி முடிய ஒரு வாரம். சிறிய விஷயம்தான். ஆனால் எனக்குத் தெரிந்த பண்டிகைக்கால உதவிகளில், வாங்குபவரின் மனசை இவ்வளவு யோசித்துச் செய்தது வேறு இல்லை. அதனால் அது எப்படி நடந்தது, ஏன் பலித்தது, எங்கே போதாமல் போனது என்று நிதானமாகப் பார்க்கலாம்.

ஊரும் அந்த வருடமும்

கேண்டன் ஒரு தொழிற்சாலை ஊர். டிம்கென் கம்பெனியின் ரோலர் பேரிங்குகள் அங்கேதான் தயாராகின. இரும்பாலைகள் இருந்தன. பக்கத்திலேயே, நார்த் கேண்டனில், ஹூவர் வாக்குவம் கிளீனர் தொழிற்சாலை. 1930 கணக்குப்படி ஊரின் மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். கார் விற்றால்தான் பேரிங் விற்கும். 1929 அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்து, பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியதும் கார் வாங்க ஆளில்லை. அப்புறம் ஒவ்வொரு ஆலையாக ஆட்குறைப்பு.

1933இல் அமெரிக்கா முழுவதும் வேலை செய்யக்கூடியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. வேலை போனாலும் சேமிப்பு இருக்கிறதே என்று யாரும் நிம்மதியாக இருக்க முடியவில்லை. 1930 முதல் 1933 வரை ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன. வங்கி மூழ்கினால் போட்ட பணம் முழுதாகத் திரும்பும் என்ற உறுதி இல்லை. வைப்புத்தொகைக்கான மத்திய அரசின் காப்பீடு நடைமுறைக்கு வந்தது 1934 ஜனவரி 1ஆம் தேதி, அதாவது நாம் பேசும் கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு வாரம் கழித்து. வேலை இழந்தவருக்கான உதவித்தொகைக்கும் முதியோர் ஓய்வூதியத்துக்கும் வழி செய்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935 ஆகஸ்டில்தான் வந்தது. ரூஸ்வெல்ட் அரசு 1933 நவம்பரில் குளிர்காலத் தற்காலிக வேலைத்திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. அதில் இடம் கிடைத்தவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. மற்றவர்களுக்கு மிஞ்சியது உள்ளூர் நிவாரணமும் தொண்டு அமைப்புகளும்தான்.

அந்த நிவாரணம் எப்படிக் கிடைத்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் துணிக்கடைக்காரரின் யோசனை புரியும். முதலில் ஊர் பார்க்க வரிசையில் நிற்க வேண்டும். பிறகு விசாரணைக்காரர் வீட்டுக்கு வருவார். உண்மையிலேயே ஒன்றும் இல்லையா, உறவினர் யாராவது தாங்க மாட்டார்களா என்று கேட்பார். பல ஊர்களில் பணமாகத் தர மாட்டார்கள். மளிகைக் கடைக்கு ஒரு சீட்டு கொடுப்பார்கள். அதை நீட்டும்போது கடைக்காரருக்கும், பின்னால் நிற்பவருக்கும், பின்னால் நிற்பவரின் மனைவிக்கும் விஷயம் தெரிந்துவிடும். பரம்பரையாக ஏழையாக இருப்பவருக்கே இது வலிக்கும். தேவாலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தவருக்கும், பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுத்தவருக்கும் இது சாவுக்குச் சமம். பசியோடு இருந்துவிடலாம், அந்தச் சீட்டை வாங்க மாட்டேன் என்று முடிவெடுத்த குடும்பங்கள் நிறைய இருந்தன. நிவாரணக் கணக்கில் அவர்கள் இல்லவே இல்லை.

விளம்பரம்

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ‘கேண்டன் ரெபாசிட்டரி’ நாளிதழில் ஒரு சின்ன விளம்பரம் வந்தது. கொடுத்தவர் பெயர் பி. விர்டாட். ஊரில் அப்படி ஒருவர் இல்லை.

விளம்பரத்தின் சாரம் இது. நாளைய ரொட்டிக்கு வழி என்ன என்ற கவலை இன்றைக்கே எனக்கு வந்தால், தொண்டு அமைப்புகள் நேரடியாக நீட்டும் உதவியை நான் வாங்கிக்கொள்வேனா என்பது எனக்கே சந்தேகம். என்னைப்போல் நினைப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். அப்படிப்பட்ட 50 முதல் 75 குடும்பங்கள் சந்தோஷமாகக் கிறிஸ்துமஸ் கொண்டாட உதவ விரும்புகிறேன். உங்கள் உண்மை நிலையை எழுதுங்கள். பணம் உடனே வரும். நீங்கள் யார் என்பது வெளியே வராது. நான் யார் என்பதும் தெரியாது. கடிதம் எழுத வேண்டிய முகவரி: பி. விர்டாட், கேண்டன் தபால் நிலையம். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போடாமல், தபால் நிலையத்திலேயே வைத்திருந்து, வந்து கேட்பவரிடம் கொடுக்கும் முறை அது.

அந்த நாளிதழே இதை முதல் பக்கச் செய்தியாகவும் போட்டது. தானும் மந்தத்தில் அடிபட்டு எழுந்த ஒருவர், 75 குடும்பங்களுக்குத் தலா 10 டாலர் தருகிறார் என்று செய்தி சொன்னது. விளம்பரம் பேசியது அலுவலக வேலை பார்த்து நொடித்துப்போனவர்களிடம்தான். ஆனால் எழுதியவர்களில் ஆலைத் தொழிலாளி, பெயின்டர், விவசாயி, குழந்தைகள் என்று எல்லாரும் இருந்தார்கள்.

கடிதங்கள்

மறுநாளே கடிதங்கள் குவியத் தொடங்கின. பென்சிலால் எழுதியவை, பழைய கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதியவை, நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாளில் எழுதியவை. அவற்றில் மூன்றை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். எழுதியவர்களின் பெயர் இங்கே வேண்டாம்.

ஒருவர் 26 வருடம் கார் வியாபாரம் செய்தவர். ஒரு காலத்தில் நல்ல செழிப்பு. கிறிஸ்துமஸ் நேரத்திலும் மற்ற நேரத்திலும் என் பங்குக்கு மேலேயே பிறருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று எழுதுகிறார். இப்போது தொழில், வங்கிப் பணம், நிலம், காப்பீடு எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. வீட்டில் ஆறு பேர். கடிதத்தில் இரங்கிக் கேட்கும் தொனி இல்லை. ஏறியும் இறங்கியும் பார்த்தவனுக்குத்தான் இப்படிக் கொடுப்பவரின் மனசு புரியும் என்று கொடுப்பவரைப் பாராட்டி, கிறிஸ்துமஸ் வாழ்த்தும் சொல்கிறார். வாங்கப் போகிற நேரத்திலும் தான் கொடுத்துப் பழகியவன் என்பதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுக்கும்படி அந்த விளம்பரம் கேட்கவும் இல்லை.

இன்னொருவர் ஊருக்கு வெளியே குத்தகை நிலத்தில் விவசாயம் பார்க்கும் குடும்பத்துப் பெண். நான்கு வருடத்துக்கு முன்பு பாலில் மாதம் 135 டாலர் வந்தது, இப்போது 12 டாலர். அதில் ஐந்து பேர் ஒரு மாதம் ஓட்ட வேண்டும் என்கிறார். 5 டாலர் இருந்தால் சொர்க்கத்தில் இருப்பதாக நினைப்பேன் என்றும் எழுதுகிறார். பள்ளிக்குப் போகும் ஆறு வயதுப் பையனின் ஷூவிலிருந்து விரல்கள் வெளியே வந்துவிட்டன, முதலில் அவனுக்கு ஒரு ஜோடி ஷூ. கடிதம் எழுதுவது கணவனுக்குத் தெரியாது. ஸ்டாம்பு வாங்கவும் காசில்லை. தபால்காரரிடம் கெஞ்சிப் போடச் சொல்லப் போகிறேன் என்று முடிக்கிறார்.

அந்தக் கடிதம் கேண்டனுக்கு வந்து சேர்ந்தது. அப்படியானால் யாரோ ஸ்டாம்புக்குக் காசு போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அந்தத் தபால்காரராகத்தான் இருக்கும். இந்த நிகழ்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் கொடையாளியைப் பற்றியே பேசுகிறார்கள். இந்தச் சில சென்ட் இல்லாவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு ஒன்றுமே போய்ச் சேர்ந்திருக்காது.

மூன்றாவது, 14 வயதுப் பெண். பேப்பர் வாங்க வசதியில்லை. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கும்போது விளம்பரத்தைப் பார்த்திருக்கிறாள். எனக்கு உடுப்பு வேண்டும், சில நேரம் வீட்டில் சாப்பாடும் தீர்ந்துபோகிறது, அப்பாவுக்குத் தர்மம் கேட்கப் பிடிக்காது என்று நேராக எழுதுகிறாள். அப்பாவுக்கு வேலை இருந்தபோது எங்களிடம் நல்ல நல்ல சாமான்கள் இருந்தன என்கிறாள். பணம் வந்தால் உடுப்பும், கிறிஸ்துமஸ் சாப்பாடும், மிட்டாயும் வாங்குவேன் என்று திட்டமும் சொல்கிறாள். அவளுடைய ஷூவின் அடிப்பாகம் ஓட்டையாகி, தானிய உணவு வந்த அட்டைப்பெட்டியை வெட்டி உள்ளே வைத்து நடந்துகொண்டிருந்தாள் என்பது பின்னாளில் அவர் வாயாலேயே தெரியவந்தது.

இந்தக் கடிதங்களைச் சேர்த்துப் படித்தால் ஒன்று தெரியும். யாரும் கடனை அடைக்கவோ தொழில் தொடங்கவோ கேட்கவில்லை என்றே சொல்லலாம். ஷூ, கோட்டு, நிலக்கரி, ஒருவேளை நல்ல சாப்பாடு, குழந்தைக்கு ஒரு பொம்மை. பண்டிகை இல்லாத மாதத்தில் பழைய ஷூவோடு தள்ளிவிடலாம். டிசம்பர் 25 என்று ஒரு தேதி இருப்பதால்தான் அது தாங்க முடியாமல் போகிறது. மற்ற வீட்டுப் பிள்ளைகள் புதுசு போட்டுக்கொண்டு வரும் நாளில் நம் பிள்ளை எதைப் போட்டுக்கொண்டு போகும் என்ற கேள்விக்குத் தீபாவளி, பொங்கல், ரம்ஜான் எதுவும் விலக்கில்லை.

10 டாலர் 5 ஆனது

75 பேருக்கு 10 டாலர் என்று அறிவித்தாயிற்று. வந்த கடிதங்களோ அதைப்போல் பல மடங்கு. விர்டாட் தொகையைப் பாதியாக்கினார். 150 குடும்பங்களுக்குத் தலா 5 டாலர். கிறிஸ்துமஸுக்கு முன்பே காசோலைகள் போய்ச் சேர்ந்தன.

இந்த முடிவைப் பற்றி இரண்டு விதமாக யோசிக்கலாம். சொன்ன சொல்லைக் குறைத்துவிட்டாரே என்று கேட்கலாம். 10 டாலரை நம்பித் திட்டம் போட்ட குடும்பத்துக்கு 5 டாலர் ஏமாற்றமாகவும் இருந்திருக்கும். என் கருத்து வேறு. கடிதங்களில் கேட்டது என்ன என்று பார்த்தால், 5 டாலருக்குள் அடங்கும் பொருள்களே அதிகம். ஒரு ரொட்டி 7 சென்ட் அளவில் விற்ற காலம் அது. 5 டாலரில் ஒரு ஜோடி ஷூவும் பண்டிகைச் சாப்பாடும் வந்துவிடும். 10 டாலர் கிடைத்த வீட்டில் சந்தோஷம் இரண்டு மடங்கு ஆகியிருக்காது. ஆனால் ஒன்றும் கிடைக்காத 75 வீடுகளில் அந்தப் பண்டிகையே இல்லாமல் போயிருக்கும். கடிதங்களைப் படித்துவிட்டுத்தான் அவர் தொகையை மாற்றினார். முதலில் தேவை என்ன என்று கேட்டு, அப்புறம் எவ்வளவு என்று முடிவு செய்வதற்கு இது நல்ல உதாரணம்.

ஏன் பலித்தது

விளம்பரத்தின் முதல் வரியிலேயே அவர் தன்னை வாங்குபவரின் இடத்தில் நிறுத்திக்கொண்டார். நானாக இருந்தாலும் தயங்குவேன் என்றார். படிப்பவருக்கு அந்த ஒரு வரி போதும். தயக்கம் குற்றமில்லை என்று ஆகிவிட்டது. வறுமையில் இருப்பவரிடம் “கூச்சப்படாமல் கேளுங்கள்” என்று சொன்னால் கூச்சம் கூடத்தான் செய்யும். இவர் கூச்சத்தை ஏற்றுக்கொண்டு, அதற்குத் தகுந்தபடி வழி செய்தார்.

அந்த வழியில் எங்கேயும் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை. இரவில் எல்லாரும் தூங்கிய பிறகு சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதலாம். கணவனுக்குத் தெரியாமல் மனைவி எழுதலாம், அப்பாவுக்குத் தெரியாமல் மகள் எழுதலாம். எழுதியவருக்குக் கொடுப்பவர் யாரென்று தெரியாததால், நாளைக்குத் தெருவில் பார்த்தால் தலைகுனிய வேண்டுமே என்ற பயமும் இல்லை. இருபது முப்பது வருடம் ஒரே ஊரில் வாழப் போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசித்துப் பாருங்கள். செக்கை மாற்ற எங்காவது நீட்டத்தான் வேண்டும். அதிலும் இருப்பது தொண்டு அமைப்பின் பெயர் இல்லை, யாரோ ஒரு பி. விர்டாட்டின் பெயர். கூலியாகவும் இருக்கலாம், கொடுத்த கடன் திரும்பியதாகவும் இருக்கலாம்.

விசாரணையும் இல்லை. எழுதியதை நம்பினார். பொய் சொல்லி 5 டாலர் வாங்கியவர் யாராவது இருந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கப் போனால் மற்ற வீட்டுக் கதவுகளையும் தட்ட வேண்டியிருக்கும், திட்டத்தின் உயிரே போயிருக்கும். கொடுத்ததும் பணம். அதை ஷூவுக்குச் செலவழிப்பதா, நிலக்கரிக்கா, மிட்டாய்க்கா என்பது வாங்கியவரின் விருப்பம். அத்தனை வருடம் வீட்டுச் செலவைத் தானே தீர்மானித்தவருக்கு ஒரு வாரத்துக்காவது அந்த உரிமை திரும்பக் கிடைத்தது.

இதை எழுதும்போது நம் ஊர்ப் பண்டிகைக்கால வழங்கும் விழாக்கள் நினைவுக்கு வராமல் இல்லை. மேடை, பேனர், வேட்டி சேலைப் பொட்டலத்தைக் கொடுப்பவரும் வாங்குபவரும் சேர்ந்து பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்கும் படம். கொடுப்பவர்கள் நல்ல மனசோடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தப் படம் அன்று மாலையே வாட்ஸ்அப்பில் சுற்றும், வாங்கியவரின் மகள் படிக்கும் வகுப்புக்கும் போய்ச் சேரும் என்பது தெரிந்து வராமல் இருந்துவிட்டவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை.

விர்டாட் யார்

அவர் பெயர் சாம் ஸ்டோன். கேண்டனில் ஆண்களுக்கான துணிக்கடை வைத்திருந்தார். தன் மூன்று மகள்களான பார்பரா, வர்ஜீனியா, டாரதி ஆகியோரின் பெயர்த் துண்டுகளைச் சேர்த்துப் புனைபெயர் செய்திருந்தார். ஊருக்கு அவர் பிட்ஸ்பர்க்கில் பிறந்த அமெரிக்கர். உண்மையில் ருமேனியாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பப் பெயர் ஃபிங்கெல்ஸ்டீன். அங்கே யூதர்களுக்குக் குடியுரிமை கிடையாது, பல தொழில்களுக்குத் தடை. குடும்பம் தப்பி அமெரிக்கா வந்தது. பிட்ஸ்பர்க்கில் பிள்ளைகள் வீட்டிலேயே சுருட்டுச் சுற்றிப் பிழைத்த வறுமை. அந்தப் பிறப்பையும் பெயரையும் அவர் கடைசிவரை மறைத்தே வாழ்ந்தார்.

மறைத்து வாழ்வது என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கிறிஸ்துமஸ் அவர் மதத்துப் பண்டிகையும் இல்லை. ஊரின் பண்டிகை, அவ்வளவுதான். இன்னொன்றும் தோன்றுகிறது, இது என் ஊகம். ஊரின் நிலை துணிக்கடைக்காரருக்குச் சீக்கிரம் தெரியும். வருடா வருடம் கோட்டு எடுப்பவர் வருவதை நிறுத்துவார். பிறகு அதே பழைய கோட்டில், நன்றாகத் தேய்த்து, காலரைத் திருப்பித் தைத்துப் போட்டுக்கொண்டு தெருவில் போவார். அதைக் கவனிக்கிற கண் இருந்தால், உதவி கேட்காதவர்களின் பட்டியல் தானாகவே மனசில் சேர்ந்துவிடும்.

ஸ்டோன் 1981இல் இறந்தார். அதுவரை இதைப் பற்றி வெளியே சொல்லவில்லை.

சூட்கேஸ்

2008 கோடையில் அவருடைய மகள் வர்ஜீனியா, வீட்டில் கிடந்த ஒரு பழைய சூட்கேஸைத் தன் மகன் டெட் கப்பிடம் கொடுத்தார். டெட் கப் ‘வாஷிங்டன் போஸ்ட்’டில் வேலை பார்த்த புலனாய்வுப் பத்திரிகையாளர். திறந்து பார்த்தால் 1933 டிசம்பர் தேதியிட்ட கடிதக் கட்டுகளும், வங்கியிலிருந்து திரும்பி வந்த 150 காசோலைகளும். முதலில் அவருக்கே விர்டாட் யாரென்று புரியவில்லை. அந்த டிசம்பரில் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் இதைப் பற்றி எழுதினார். அமெரிக்கா மறுபடியும் பெரிய நிதி நெருக்கடியில் சிக்கியிருந்த நேரம் அது. பிறகு எழுதியவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் தேடிப் பேசி, 2010இல் நூலாக வெளியிட்டார்.

தேடிப் போனபோது தெரிந்த முக்கியமான விஷயம், பெரும்பாலான குடும்பங்களில் அந்தக் கடிதத்தைப் பற்றி யாருக்குமே தெரியாது என்பதுதான். எழுதியவர்கள் பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை. தன் தந்தை இவ்வளவு கஷ்டப்பட்டார் என்பதே சிலருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஸ்டோன் கொடுத்த ரகசிய வாக்கு 75 வருடம் நின்றிருக்கிறது.

இங்கே எனக்கு ஒரு நெருடலும் உண்டு. வாக்கு கொடுக்கப்பட்டது எழுதியவர்களுக்கு. வாரிசுகள் சரி என்று சொன்னால் அது தீர்ந்துவிடுமா? சரித்திரத்துக்கு இந்தக் கடிதங்கள் விலைமதிப்பற்றவை; வங்கிகள் மூழ்கிய புள்ளிவிவரம் சொல்லாததை இவை சொல்கின்றன. இருந்தாலும் இதைப் பயன்படுத்துகிறவர்கள் பெயரை அவசியமில்லாமல் எடுத்துப் போட வேண்டாம் என்பது என் எண்ணம்.

2010 நவம்பரில் கேண்டனின் பேலஸ் தியேட்டரில் ஊர் கூடி அந்தக் கடிதங்களை வாசித்தது. எழுதியவர்களில் அப்போது உயிரோடு இருந்தது அந்த 14 வயதுப் பெண் மட்டும்தான்; வயது 90. வந்திருந்தார், தன் கடிதத்தைத் தானே வாசித்தார். அந்த 5 டாலரில் ஷூ வாங்கியதை அவர் மறந்திருக்கவில்லை.

எட்டாதவர்கள்

குறைகளையும் சொல்ல வேண்டும். கடிதம் எழுதத் தெரிந்தவருக்குத்தான் இந்த வழி. கேண்டன் ஆலைகளில் வேலை பார்த்தவர்களில் ஆங்கிலம் சரியாக எழுத வராத குடியேறிகள் நிறைய. பேப்பர் கையில் கிடைக்காதவர்கள், ஸ்டாம்புக்கு வழியில்லாமல் கெஞ்சத் துணியாதவர்கள், விளம்பரத்தைப் பார்த்தும் பேனாவை எடுக்க முடியாதவர்கள் எல்லாரும் விடுபட்டார்கள். எழுதியும் கிடைக்காதவர்களும் உண்டு. கிடைத்தவர்களுக்கும் ஜனவரி மாதம் அப்படியேதான் வந்தது. 5 டாலரால் வேலை தர முடியாது, மூழ்கிய வங்கியிலிருந்து பணத்தை மீட்க முடியாது. அதற்கு அரசும் சட்டமும்தான் வர வேண்டியிருந்தது, வந்தன. தனிமனித தர்மம் அந்த இடத்தை நிரப்பும் என்று இந்த நிகழ்வைக் காட்டி யாராவது வாதிட்டால் அது தவறு.

எழுதாதவர்களை எட்ட வேறு சிலர் வேறு வழிகளை முயன்றிருக்கிறார்கள். ‘நியூயார்க் டைம்ஸ்’ உரிமையாளர் அடால்ஃப் ஆக்ஸ் 1911 கிறிஸ்துமஸ் அன்று வழியில் சந்தித்த ஒரு ஏழைக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தார். அந்த அனுபவத்திலிருந்து, மறுவருடம் நகரத்தில் மிகவும் தேவையுள்ள 100 பேரின் நிலையைப் பெயரில்லாமல் தன் பத்திரிகையில் வெளியிடத் தொடங்கினார். விவரங்களைத் தந்தவை தொண்டு அமைப்புகள். அந்த வழக்கம் நூறு வருடத்தைத் தாண்டிவிட்டது. பெரிய ஏற்பாடு, நிறையப் பேருக்குப் போகிறது; ஆனால் ஏற்கெனவே தொண்டு அமைப்பின் படியேறியவர்களைத்தான் அது எட்டும்.

லாரி ஸ்டூவர்ட் என்ற இன்னொரு அமெரிக்கரின் வழி இதற்கு நேர் எதிர். 1971இல் மிசிசிப்பியில் கையில் காசில்லாமல், காரில் தூங்கி, பசி தாங்காமல் ஒரு சின்ன உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு, பர்ஸைத் தொலைத்தவர்போல் தேடிக்கொண்டிருந்தார் அவர். உணவக உரிமையாளர் தரையிலிருந்து எதையோ எடுப்பதுபோல் குனிந்து, இதைக் கீழே போட்டுவிட்டீர்கள்போல என்று 20 டாலரைக் கையில் கொடுத்தார். ஸ்டோனின் 150 காசோலைகளில் இருந்த அதே கவனம் அந்த ஒரு வாக்கியத்திலும் இருக்கிறது. 1979 டிசம்பரில், தனக்கே வேலை போயிருந்த நேரத்தில், குளிரில் மெல்லிய ஜாக்கெட்டோடு கார்களுக்கு உணவு கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஸ்டூவர்ட் 20 டாலரைக் கொடுத்தார். அப்புறம் தொழிலில் முன்னேறி, வருடா வருடம் டிசம்பரில் பெயர் சொல்லாமல் 100 டாலர் நோட்டுகளை முன்பின் தெரியாதவர்களிடம் கொடுத்துக்கொண்டே போனார். 26 வருடத்தில் ஏறக்குறைய 13 லட்சம் டாலர். 2006 நவம்பரில், புற்றுநோய் முற்றிய பிறகுதான் தான் யார் என்று சொன்னார். 2007 ஜனவரியில், 58 வயதில் இறந்தார்.

அவர் எங்கே போய்க் கொடுத்தார் என்பதுதான் நமக்குப் பயன்படும். காசு போட்டுத் துணி துவைக்கும் கடைகள், பழைய சாமான் விற்கும் கடைகள், பஸ் ஸ்டாப்புகள், மலிவான உணவகங்கள். பண்டிகைக்கு முந்தின வாரத்தில் பழைய துணிக் கடையில் குழந்தைச் சட்டையை எடுத்துப் பார்த்து, விலைச்சீட்டைப் பார்த்து, திரும்ப வைப்பவர் எழுதவும் மாட்டார், கேட்கவும் மாட்டார். அந்த இடத்தில் நின்று பார்த்தால் மட்டுமே தெரிவார்.

இரண்டு வழிக்கும் நடுவில் ஒன்று 2011 டிசம்பரில் அமெரிக்கக் கடைகளில் பரவியது. பொருளை எடுத்து வைக்கச் சொல்லி, தவணையாகக் கட்டி முடித்ததும் வாங்கிப் போகும் முறை அங்கே உண்டு. தவணை கட்ட முடியாமல் போனால் பொருள் இல்லை. மிச்சிகன் மாநிலத்தில் ஒரு கேமார்ட் கடையில் தொடங்கி, பல ஊர்களில் முகம் தெரியாதவர்கள் கடைக்குள் வந்து, குழந்தைப் பொம்மையும் உடுப்பும் உள்ள யாருடைய பாக்கியையாவது கட்டுகிறோம் என்று கட்டிவிட்டுப் போனார்கள். சிலர் கணக்கு முடிந்துவிடாமல் சில சென்ட் மட்டும் மீதி வைத்தார்கள். 

இந்த முறைக்கு விளம்பரமும் வேண்டாம், கடிதமும் வேண்டாம். யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கடைக்காரருக்குத் தெரியும். நம் தெரு மளிகைக் கடை அண்ணாச்சியின் கடன் நோட்டிலும் அது இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின வாரம் யார் எண்ணெயும் சர்க்கரையும் வாங்க வராமல் இருந்துவிட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். பெயரைக் கேட்காமல், “இரண்டு கணக்கை என் பெயர் சொல்லாமல் அடித்துவிடுங்கள் அண்ணாச்சி, எந்த இரண்டு என்று நீங்களே பாருங்கள்” என்று பணத்தைக் கொடுத்துவிட்டு வரலாம். அவர் நம்பிக்கையானவராக இருக்க வேண்டும், வெளியே சொல்லாதவராக இருக்க வேண்டும். அப்படி ஒரு கடைக்காரரைத் தெரிந்து வைத்திருந்தால் இதைச் செய்து முடிக்க ஒரு மாலை நேரம் போதும்.